மின் மகிழுந்துகளின் ஓட்டுநர் உதவி அமைப்புகள்: மென்பொருள் இற்றைப்படுத்தலும் எல்லைகளும்

ஓட்டுநர் உதவி அமைப்பு என்பது, வேகத்தை ஒரே அளவில் வைத்திருத்தல், முன்னே செல்லும் வண்டியிலிருந்து இடைவெளி காத்தல், தடத்தை விட்டு விலகாமல் செல்லுதல், மோதலுக்கு முன் தானே பிரேக் பிடித்தல் முதலிய வேலைகளில் ஓட்டுநருக்குத் துணைசெய்யும் தொழில்நுட்பத் தொகுதி ஆகும். கேமரா, ரேடார் போன்ற உணரிகளும், அவை தரும் தகவலை ஆராயும் கணினியும், அந்தக் கணினியை இயக்கும் மென்பொருளும் இதன் உறுப்புகள். 2012-க்குப் பின் வந்த மின் மகிழுந்துகளில், கைப்பேசிச் செயலியைப் புதுப்பிப்பது போல, இந்த மென்பொருளை இணையம் வழியாகவே மாற்றும் முறை பரவியது. இது மென்பொருள் இற்றைப்படுத்தல் எனப்படும். பேச்சு வழக்கில் அப்டேட் என்பர்.

இம்முறையால் மகிழுந்து, விற்ற பிறகும் மாறிக்கொண்டே இருக்கும் பொருளானது. ஒரே வண்டி இரவோடு இரவாகப் புதிய திறனைப் பெற்றது. சில வேளைகளில் இருந்த திறனை இழந்தது. ஆயினும் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு, விற்பனையில் உள்ள ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் இன்றுவரை ஓட்டுநரிடமே உள்ளது. வண்டியின் திறன் வளர வளர ஓட்டுநரின் கவனம் குறைந்தது என்பதே இவ்வரலாற்றின் மையச் சிக்கல். அமெரிக்காவின் டெஸ்லா நிறுவன வண்டிகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

முன்வரலாறு

ஓட்டுநரின் வேலையில் ஒரு பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் எண்ணம் மின் மகிழுந்துகளுக்கு மிகவும் முற்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். வண்டியின் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும் கருவியை அவர் உருவாக்கி, 1950-இல் காப்புரிமை பெற்றார். அக்கருவியை 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் உயர்விலை வண்டிகளில் பொருத்தி விற்றது. அதற்கு அந்நிறுவனம் வைத்த பெயர் 'ஆட்டோ பைலட்'. வேகத்தை மட்டும் காக்கும் கருவிக்கு, விமானத்தைச் செலுத்தும் கருவியின் பெயர் சூட்டப்பட்டது. செய்யும் வேலையை விடப் பெயர் பெரிதாக இருக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

1999-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் ரேடார் உதவியுடன் முன்வண்டியின் தொலைவை அளந்து, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. அடுத்த பத்தாண்டுகளில் தடம் விலகினால் எச்சரித்தல், அவசர நேரத்தில் தானே பிரேக் பிடித்தல் ஆகியவை பல நிறுவனங்களின் வண்டிகளில் இடம்பெற்றன.

இவ்வகை அமைப்புகளை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. எஸ்.ஏ.இ. எனப்படும் பன்னாட்டுத் தானூர்திப் பொறியாளர் அமைப்பு, 2014-இல் 0 முதல் 5 வரை ஆறு நிலைகளை வகுத்தது. முதல் நிலையில் வேகம் அல்லது திசை, இரண்டில் ஒன்றை மட்டும் கருவி கவனிக்கும். இரண்டாம் நிலையில் இரண்டையும் கருவி கவனிக்கும். ஆனால் மனிதர் ஒவ்வொரு நொடியும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாம் நிலையில், வரையறுத்த சூழலில் மனிதர் பார்வையை விலக்கலாம். கருவி அழைத்தால் உடனே பொறுப்பை ஏற்க வேண்டும். நான்காம் நிலையில், வரையறுத்த பகுதிக்குள் மனிதர் தேவையில்லை. ஐந்தாம் நிலை எல்லா இடத்துக்கும் எல்லாச் சூழலுக்கும் பொருந்துவது. இக்கட்டுரையில் பேசப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டாம் நிலையைச் சேர்ந்தவை. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையிலான கோடு, 'யார் சாலையைப் பார்க்க வேண்டும்' என்ற கேள்வியால் வரையப்பட்டது.

இணையவழி இற்றைப்படுத்தல்

பழைய வகை மகிழுந்துகளிலும் கணினிகள் இருந்தன. எஞ்சின், பிரேக், காற்றுப்பை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு கணினி இருந்தது. அவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் செய்து கொடுத்தன. அவற்றின் மென்பொருளை மாற்ற வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2012-இல் டெஸ்லா வெளியிட்ட மாடல் எஸ் மகிழுந்து இந்த அமைப்பை மாற்றியது. வண்டியின் பெரும்பாலான பகுதிகள் ஒரே நிறுவனத்தின் மென்பொருளால் இணைக்கப்பட்டு, அந்த மென்பொருள் கைப்பேசி வலையமைப்பு அல்லது வைஃபை வழியாக வண்டிக்கு அனுப்பப்பட்டது. வந்து சேர்ந்த கோப்பு நிறுவனத்திடமிருந்து வந்ததுதானா என்று வண்டி சரிபார்க்கும். பிறகு வண்டி நின்றிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் இரவில், உரிமையாளரின் ஒப்புதலுடன் நிறுவப்படும். மறுநாள் காலையில் மாற்றங்களின் பட்டியல் திரையில் தோன்றும். நின்றிருக்கும்போதும் கணினிக்கு மின்சாரம் தரப் பெரிய மின்கலம் இருப்பதும், மோட்டார் முதல் பிரேக் வரை மின்னணுக் கட்டுப்பாட்டில் இருப்பதும் மின் மகிழுந்துகளில் இம்முறை எளிதாக வேரூன்றக் காரணங்கள்.

இதன் பயனை இரு நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டின. 2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடாவை நெருங்கியபோது, மக்கள் நீண்ட தொலைவு வெளியேற வேண்டியிருந்தது. சில மலிவு வகை டெஸ்லா வண்டிகளில் பெரிய மின்கலமே பொருத்தப்பட்டு, அதன் ஒரு பகுதி மென்பொருளால் பூட்டப்பட்டிருந்தது. அந்தப் பூட்டை நிறுவனம் தொலைவிலிருந்தே தற்காலிகமாகத் திறந்தது. ஒருமுறை மின்னேற்றம் செய்து செல்லக்கூடிய தொலைவு கூடியது. 2018 மே மாதம், அமெரிக்க நுகர்வோர் இதழான கன்சூமர் ரிப்போர்ட்ஸ், மாடல் 3 வண்டி மணிக்கு 97 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 46 மீட்டர் எடுத்துக்கொள்கிறது என்று குறை கூறியது. சில நாட்களில் பிரேக் மென்பொருள் மாற்றி அனுப்பப்பட்டது. மறு சோதனையில் அத்தொலைவு ஏறத்தாழ 6 மீட்டர் குறைந்தது. எந்த உதிரிப் பாகமும் மாற்றப்படவில்லை.

இதே நிகழ்ச்சிகளுக்கு மறுபக்கமும் உண்டு. வாங்கியவருக்குத் தெரியாமலே வண்டியில் பூட்டிய திறன் இருக்க முடியும் என்பதை முதல் நிகழ்ச்சி காட்டியது. பிரேக் போன்ற உயிர்காக்கும் உறுப்பின் நடத்தையும் ஓரிரவில் மாறக்கூடும் என்பதை இரண்டாவது காட்டியது.

ஆட்டோபைலட்டின் வருகை

2014 இலையுதிர் காலத்திலிருந்து டெஸ்லா வண்டிகளில் முன்பக்கக் கேமரா ஒன்று, ரேடார் ஒன்று, குறுந்தொலைவை அளக்கும் 12 மீயொலி உணரிகள் ஆகியவை பொருத்தப்பட்டன. கேமராக் காட்சியை ஆராயும் சில்லை இசுரேலைச் சேர்ந்த மொபைல்ஐ நிறுவனம் வழங்கியது. வன்பொருள் முதலில் வந்தது. அதைப் பயன்படுத்தும் மென்பொருள் பின்னர் வந்தது. 2015 அக்டோபரில் அனுப்பப்பட்ட 7.0 பதிப்பு, ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்குத் தானே ஸ்டீயரிங்கைத் திருப்பும் திறனைக் கொடுத்தது. முதல் நாள் வரை கையால் ஓட்டப்பட்ட வண்டி, மறுநாள் நெடுஞ்சாலையில் தன் தடத்தைத் தானே பிடித்துச் சென்றது.

ஸ்டீயரிங்கில் கை இருக்க வேண்டும் என்று நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. எனினும் கையை எடுத்துவிட்டு ஓட்டும் காணொளிகள் சில நாட்களிலேயே இணையத்தில் பரவின. 2016 சனவரியில் வந்த 7.1 பதிப்பு, குடியிருப்புச் சாலைகளிலும் நடுத்தடுப்பு இல்லாத சாலைகளிலும் இத்திறனைப் பயன்படுத்தும்போது வேகத்துக்கு வரம்பு விதித்தது. கொடுத்த திறனை மூன்றே மாதங்களில் சுருக்கிய முதல் இற்றைப்படுத்தல் இதுவாகும். கொடுத்தலும் சுருக்கலும் மாறி மாறி வரும் இந்தப் போக்கு பின்னர் பலமுறை நிகழ்ந்தது.

வில்லிஸ்டன் விபத்து, 2016

2016 மே 7 அன்று புளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே, ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருந்த மாடல் எஸ் வண்டி, எதிர்த்திசையிலிருந்து வந்து இடப்புறம் திரும்பிச் சாலையைக் குறுக்கே கடந்த நீண்ட இழுவை லாரியின் அடியில் புகுந்தது. ஓட்டுநர் அங்கேயே இறந்தார். வண்டியின் வேகம் மணிக்கு 119 கி.மீ. ஆட்டோபைலட்டும் ஓட்டுநரும் பிரேக் பிடிக்கவில்லை. வெளிச்சமான வானத்தின் பின்னணியில் லாரியின் வெள்ளை நிறப் பக்கவாட்டு வேறுபட்டுத் தெரியவில்லை என்று நிறுவனம் விளக்கியது.

அமெரிக்காவில் இத்தகைய விபத்துகளை இரு அரசு அமைப்புகள் ஆராய்கின்றன. ஒன்று, வண்டிகளில் குறைபாடு இருந்தால் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் கொண்ட தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம். மற்றொன்று, காரணத்தைக் கண்டறிந்து பரிந்துரை மட்டும் செய்யும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். நிருவாகம் 2017 சனவரியில், குறைபாடு எதுவும் கண்டறியப்படவில்லை என்று தன் விசாரணையை முடித்தது. அக்காலத்துத் தானியங்கிப் பிரேக் அமைப்புகள் முன்னே செல்லும் வண்டியின் பின்புறத்தில் மோதாமல் இருக்கவே வடிவமைக்கப்பட்டவை. குறுக்கே கடக்கும் வண்டி அவற்றின் வேலைக்குள் வரவில்லை.

வாரியம் 2017 செப்டம்பரில் தந்த முடிவு இன்னும் ஆழமானது. லாரி ஓட்டுநர் வழிவிடாததும், மகிழுந்து ஓட்டுநர் கருவியை அளவுக்கு மீறி நம்பிக் கவனத்தை இழந்ததும் காரணங்கள் என்று அது கூறியது. அத்துடன், இவ்வளவு நேரம் கவனமின்றி இருக்கவும், பொருத்தமற்ற சாலையில் பயன்படுத்தவும் அமைப்பின் வடிவமைப்பே இடம் கொடுத்தது என்றும் சுட்டியது. ஆட்டோபைலட் இயங்கிய ஏறத்தாழ 37 நிமிடங்களில், ஸ்டீயரிங்கில் கை இருப்பது உணரப்பட்டது 25 வினாடிகள் மட்டுமே. எந்தச் சூழலுக்காக அமைப்பு உருவாக்கப்பட்டதோ அச்சூழலில் மட்டும் அது இயங்க வேண்டும் என்றும், ஓட்டுநரின் கவனத்தை உணர மேலான வழி காண வேண்டும் என்றும் டெஸ்லா உள்ளிட்ட ஆறு நிறுவனங்களுக்கு வாரியம் பரிந்துரைத்தது. ஐந்து நிறுவனங்கள் மறுமொழி தந்தன, டெஸ்லா தரவில்லை என்று 2020-இல் வாரியம் வெளிப்படையாகத் தெரிவித்தது.

விபத்துக்குப் பிந்தைய 2016 செப்டம்பரில் வந்த 8.0 பதிப்பு, ரேடாருக்கு முதன்மை தந்தது. எச்சரிக்கைகளைத் திரும்பத் திரும்ப அலட்சியம் செய்தால், வண்டியை நிறுத்தும் வரை ஆட்டோபைலட் மீண்டும் இயங்காதபடி செய்தது.

கருவியின் எல்லைகள்

உணரிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறைகள் உண்டு. கேமரா, எதிர்வெயில், கனமழை, மூடுபனி ஆகியவற்றில் தடுமாறும். மேலும், பயிற்சியின்போது காட்டப்பட்ட வடிவங்களையே அது நன்கு அடையாளம் காணும். கவிழ்ந்த லாரி, பாதை மாற்றி வைத்த தடுப்பு போன்ற அரிய காட்சிகளில் பிழை நேரும். ரேடார் இருளிலும் மழையிலும் வேலை செய்யும். ஆனால் சாலையோரப் பலகை, மேம்பாலம், இரும்புத் தடுப்பு ஆகிய அசையாப் பொருள்களிலிருந்தும் எதிரொலி வரும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி ஓட முடியாது. ஆகவே அசையாப் பொருள்களின் எதிரொலியை மென்பொருள் பெரிதும் ஒதுக்கிவிடும். சாலையில் நிற்கும் தீயணைப்பு வண்டியும் அப்போது ஒதுக்கப்பட்டுவிடக்கூடும். அதிவேகத்தில் நின்றிருக்கும் வண்டிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் போகலாம் என்று நிறுவனத்தின் கையேடே எச்சரித்திருந்தது.

இதில் ஒரு தராசு உள்ளது. ஐயம் வந்தபோதெல்லாம் பிரேக் பிடிக்கும்படி செய்தால், காரணமின்றி நின்று பின்னால் வருபவருக்கு ஆபத்தாகும். உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பிரேக் பிடிக்கும்படி செய்தால், உண்மையான தடை தப்பிவிடும். இற்றைப்படுத்தல் அத்தராசின் முள்ளை இங்கும் அங்கும் நகர்த்தும், தராசையே நீக்கிவிடாது. டெஸ்லா 2021 மே மாதம் வட அமெரிக்காவில் மாடல் 3, மாடல் ஒய் வண்டிகளிலிருந்து ரேடாரை நீக்கிக் கேமராக்களை மட்டும் நம்பியது. தொடக்கத்தில் அவ்வண்டிகளில் ஆட்டோபைலட்டின் உச்ச வேகம் ஏறத்தாழ 120 கி.மீ. என வரையறுக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில், காரணமின்றிப் பிரேக் பிடிப்பதாக வந்த 354 புகார்களை அடுத்து, ஏறத்தாழ 4,16,000 வண்டிகள் மீது நிருவாகம் விசாரணை தொடங்கியது.

சாலைக் கோடுகளும் ஒரு சிக்கல். 2018 மார்ச் 23 அன்று கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில், நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், மாடல் எக்ஸ் வண்டி இரு பாதைகளுக்கும் இடையிலான முக்கோணப் பகுதிக்குள் சென்று தடுப்புச் சுவரில் மோதியது. முன்னே வண்டி இல்லாததால், மோதுவதற்கு முந்தைய வினாடிகளில் அதன் வேகம் மணிக்கு 100 கி.மீ. அளவிலிருந்து 114 கி.மீ. ஆகக் கூடியிருந்தது. அங்கே அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு முந்தைய ஒரு விபத்தில் நசுங்கிச் சரிசெய்யப்படாமல் இருந்ததும் உயிரிழப்புக்குக் காரணமானது. இறந்த ஓட்டுநர் கைப்பேசி விளையாட்டில் ஈடுபட்டிருக்கக்கூடும் என்று வாரியம் முடிவு செய்தது.

அடுத்த ஆண்டு, 2019 மார்ச் 1 அன்று, புளோரிடாவின் டெல்ரே பீச்சில் மாடல் 3 வண்டி குறுக்கே கடந்த இழுவை லாரியின் அடியில் புகுந்தது. ஆட்டோபைலட் இயக்கப்பட்டு ஏறத்தாழ 10 வினாடிகளே ஆகியிருந்தன. வேகம் மணிக்கு 110 கி.மீ. வில்லிஸ்டன் விபத்துக்கும் இதற்கும் இடையில் கேமராக்கள், கணினிச் சில்லு, மென்பொருள் அனைத்தும் மாறியிருந்தன. விபத்தின் வகை மட்டும் மாறவில்லை.

மனித கவனத்தின் எல்லை

பிரித்தானிய உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய 'தானியக்கத்தின் முரண்கள்' என்ற ஆய்வுக் கட்டுரை, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றியது. வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, எப்போதாவது வரும் பிழைக்காக மனிதரைக் காவலிருக்கச் சொல்வது, மனிதரால் மிகவும் இயலாத வேலையை அவரிடம் கொடுப்பதாகும் என்று அவர் விளக்கினார். நடப்பது ஏதுமில்லாத காட்சியில் மனிதரால் நீண்ட நேரம் கவனம் செலுத்த முடியாது. பயன்படுத்தாத திறனும் மங்கிவிடும். இயந்திரம் எவ்வளவு நம்பத்தக்கதோ, அவ்வளவு ஆயத்தமின்றி மனிதர் இருப்பார்.

இக்கருத்து மகிழுந்துக்கு அப்படியே பொருந்தும். நூறு முறை சரியாகச் சென்ற வண்டியை நூற்றோராவது முறையும் ஐயத்துடன் பார்ப்பது கடினம். இற்றைப்படுத்தல் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. தன் வண்டி எங்கே தடுமாறும் என்று ஓட்டுநர் பழகித் தெரிந்துகொள்வதற்குள் மென்பொருள் மாறிவிடும். பழைய இடத்தில் சரியாகி, புதிய இடத்தில் தடுமாறலாம். பட்டறிவால் பெற்ற எச்சரிக்கை உணர்வு அத்துடன் பயனற்றுப்போகும்.

கவனத்தை உணரும் முறையிலும் நிறுவனங்கள் வேறுபட்டன. டெஸ்லா நெடுங்காலம் ஸ்டீயரிங்கில் கை தரும் சிறு விசையையே நம்பியது. அதை ஏமாற்றச் சிலர் எடைக்கட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டனர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட சூப்பர் குரூஸ் அமைப்பு, ஓட்டுநரின் முகத்தைக் கேமராவால் பார்த்தது. முன்கூட்டியே துல்லியமாக வரைபடமாக்கிய நெடுஞ்சாலைகளில் மட்டும் இயங்கியது. டெஸ்லா 2021 மே மாதம், உட்புறக் கேமரா உள்ள வண்டிகளில் அதைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், பல நிறுவனங்களின் 14 பகுதித் தானியக்க அமைப்புகளை இக்கோணத்தில் மதிப்பிட்டது. அவற்றில் 11 'மோசம்' என்ற தரத்தையே பெற்றன. ஒன்று மட்டும் 'ஏற்கத்தக்கது' எனப்பட்டது. எனவே இது ஒரே நிறுவனத்தின் குறை அன்று.

பெயரும் வாக்குறுதியும்

2016 அக்டோபரில் டெஸ்லா 8 கேமராக்கள் கொண்ட புதிய வன்பொருளை அறிமுகப்படுத்தியது. அதனுடன் 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்', அதாவது 'முழுமையாகத் தானே ஓட்டுதல்' என்ற பெயரில் கூடுதல் வசதியையும் விற்கத் தொடங்கியது. அன்று அவ்வசதி இல்லை. வருங்கால இற்றைப்படுத்தல் வழியாக வரும் என்ற வாக்குறுதியே விற்கப்பட்டது. மொபைல்ஐ நிறுவனத்துடனான உறவு முறிந்திருந்ததால், புதிய வண்டிகளில் தொடக்கத்தில் பழைய வண்டிகளில் இருந்த சில பாதுகாப்பு வசதிகள்கூட இல்லை; அவை அடுத்த மாதங்களில் படிப்படியாக வந்தன.

2019 ஏப்ரலில் நிறுவனத் தலைவர் ஈலோன் மசுக், அடுத்த ஆண்டே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தானியங்கி வாடகை வண்டிகள் சாலையில் இருக்கும் என்றார். அது நிகழவில்லை. 2020 அக்டோபரில் நகரச் சாலைகளில் ஓட்டும் சோதனைப் பதிப்பு ஒரு சிறு குழுவினருக்குத் தரப்பட்டு, பின்னர் விரிவாக்கப்பட்டது. சோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற ஊழியர்கள் அல்லர், வாடிக்கையாளர்கள். சாலையில் சென்ற மற்றவர்களிடம் ஒப்புதல் கேட்கப்படவும் இல்லை. 2024-இல் அப்பெயருடன் 'கண்காணிப்புடன்' என்ற சொல் சேர்க்கப்பட்டது.

மென்பொருளால் எல்லாவற்றையும் ஈடுசெய்ய முடியாது என்பதும் வெளிப்பட்டது. 2019-இல் பொருத்தப்பட்ட கணினி, மனிதக் கண்காணிப்பு இல்லாத ஓட்டத்துக்குப் போதாமல் போகலாம் என்றும், அவ்வசதியை வாங்கியவர்களுக்கு அதை மாற்றித்தர வேண்டியிருக்கும் என்றும் 2025 சனவரியில் மசுக் ஒப்புக்கொண்டார்.

இற்றைப்படுத்தலா, திரும்பப் பெறுதலா?

குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும் சட்டம், பணிமனைக்கு வண்டி வரும் காலத்தில் இயற்றப்பட்டது. குறையை நிறுவனம் அரசிடம் அறிவிக்க வேண்டும்; உரிமையாளருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும்; எத்தனை வண்டிகள் சரிசெய்யப்பட்டன என்று கணக்குக் காட்ட வேண்டும். இணையம் வழியாக ஓரிரவில் சரிசெய்தால் இவையெல்லாம் தேவையா என்ற கேள்வி எழுந்தது.

2021 ஆகத்தில், நின்றிருந்த அவசரகால வண்டிகளில் டெஸ்லா வண்டிகள் மோதிய 11 நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டு, ஏறத்தாழ 7,65,000 வண்டிகள் மீது நிருவாகம் விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே, இரவில் அவசரகால விளக்குகளை அடையாளம் காணும் இற்றைப்படுத்தலை டெஸ்லா அமைதியாக அனுப்பியது. திரும்பப் பெறுதல் அறிவிப்பு ஏன் தாக்கல் செய்யப்படவில்லை என்று அக்டோபரில் நிருவாகம் கடிதம் எழுதிக் கேட்டது. பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வதானால், எந்த வழியில் செய்தாலும் அது சட்டப்படி திரும்பப் பெறுதலே என்பது அதன் நிலைப்பாடு.

அதன் பின் அறிவிப்புகள் தொடர்ந்தன. அதே மாத இறுதியில், சோதனைப் பதிப்பு 10.3 காரணமின்றி மோதல் எச்சரிக்கை தந்து பிரேக் பிடித்ததால் ஒரே நாளில் பின்வாங்கப்பட்டது. 11,704 வண்டிகளுக்குத் திரும்பப் பெறுதல் பதிவானது. 2022 பிப்ரவரியில், நிறுத்தக் குறியீட்டில் முழுமையாக நிற்காமல் மெதுவாக உருண்டு செல்ல வண்டியை அனுமதித்த வசதி 53,822 வண்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. சாலை விதியை மீறும் நடத்தை, நிறுவனமே எழுதிச் சேர்த்த வசதியாக இருந்தது என்பது இதில் கவனிக்கத்தக்கது. 2023 பிப்ரவரியில் 3,62,758 வண்டிகளும், அதே ஆண்டு டிசம்பரில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளும் திரும்பப் பெறும் பட்டியலில் இடம்பெற்றன. கடைசி அறிவிப்பு ஆட்டோபைலட்டைப் பயன்படுத்துவோரின் கவனத்தை உறுதிசெய்வது பற்றியது. எச்சரிக்கைகளைப் பெரிதாக்குவதும் கூட்டுவதும் தீர்வாகச் சொல்லப்பட்டன.

2024 ஏப்ரலில் நிருவாகம் தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. அது பார்வையிட்ட 956 விபத்துகளில், முன்னரே எதிர்பார்க்கக்கூடிய வகையில் ஓட்டுநர் அமைப்பைத் தவறாகப் பயன்படுத்திய, உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள் குறைந்தது 13. போதிய தரவு கிடைத்த 109 விபத்துகளில் 59-இல், மோதிய பொருள் 5 வினாடிகளோ அதற்கு மேலோ கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருந்தது. கவனமாக இருந்தவர் பிரேக் பிடிக்கப் போதுமான நேரம் அது. ஓட்டுநர் எதிர்பார்ப்பதற்கும் அமைப்பு உண்மையில் செய்யக்கூடியதற்கும் இடையே ஆபத்தான இடைவெளி இருந்ததாக நிருவாகம் முடிவு செய்தது. இற்றைப்படுத்திய பின்னும் விபத்துகள் நேர்ந்ததாலும், தீர்வின் ஒரு பகுதியை உரிமையாளர் விரும்பினால் விலக்கிவிடலாம் என்பதாலும், தீர்வே போதுமானதா என்று ஆராயப் புதிய விசாரணையையும் தொடங்கியது.

நீதிமன்றங்களிலும் பொறுப்பு பற்றிய கேள்வி எழுந்தது. புளோரிடாவின் கீ லார்கோவில் 2019-இல் ஒருவர் உயிரிழந்த விபத்து குறித்த வழக்கில், 2025 ஆகத்தில் மயாமி நடுவர் குழு, கீழே விழுந்த கைப்பேசியை எடுக்கக் குனிந்த ஓட்டுநருக்குப் பெரும்பங்கும் டெஸ்லாவுக்கு 33 விழுக்காடும் பொறுப்பு உண்டு என்றது. நிறுவனம் ஏறத்தாழ 24.3 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்வதாக நிறுவனம் அறிவித்தது.

பிற நாடுகள்

ஐரோப்பாவிலும் அதனைப் பின்பற்றும் நாடுகளிலும், சாலைக்கு வருமுன் ஒப்புதல் பெற வேண்டும் என்ற முறை உள்ளது. ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 156-ஆம் விதி, 2020-இல் ஏற்கப்பட்டு 2021-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த வண்டியில் எந்தப் பதிப்பு உள்ளது என்பதை நிறுவனம் பதிவுசெய்ய வேண்டும். ஒப்புதல் பெற்ற பண்புகளை மாற்றும் இற்றைப்படுத்தலுக்கு மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும். மெர்சிடிஸ் பென்ஸ் 2022-இல் ஜெர்மனியில் மின் மகிழுந்தான ஈ.கியூ.எஸ். உள்ளிட்டவற்றில் மூன்றாம் நிலை அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்குள் மட்டும் இயங்கியது. எல்லை குறுகியது, ஆனால் அது தெளிவாக வரையப்பட்டிருந்தது.

சீனாவில் 2025 மார்ச் 29 அன்று, அன்ஹுய் மாகாண விரைவுச்சாலையில் உதவி அமைப்புடன் சென்ற சியோமி எஸ்.யூ.7 மின் மகிழுந்து, சாலைப்பணி நடந்த இடத்தில் தடுப்பில் மோதி மூவர் இறந்தனர். மணிக்கு 116 கி.மீ. வேகத்தில் சென்றபோது வண்டி எச்சரித்தது. ஓட்டுநர் பொறுப்பேற்ற சில வினாடிகளில் மோதல் நிகழ்ந்தது. ஏப்ரலில் சீன அரசு, விளம்பரங்களில் 'தானே ஓட்டும்' போன்ற மிகைச் சொற்களைத் தவிர்க்கவும், அடிக்கடி இற்றைப்படுத்துவதைக் கட்டுப்படுத்தவும் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. செப்டம்பரில் சியோமி 1,16,887 வண்டிகளை இணையவழி இற்றைப்படுத்தல் மூலம் சரிசெய்யும் திரும்பப் பெறுதலை அறிவித்தது.

இந்தியாவிலும் இரண்டாம் நிலை அமைப்புடைய மின் மகிழுந்துகள் வந்துவிட்டன. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மகிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.ஈ.வி. 9இ ஆகியவையும், 2025 சனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா மின் மகிழுந்தும் இவ்வகையின. தடக்கோடு அழிந்த சாலை, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி, திடீரெனக் குறுக்கிடும் கால்நடை ஆகியவை இங்கே அரிய காட்சிகள் அல்ல. ஆகவே முன்னர்ச் சொன்ன எல்லைகள் இங்கே இன்னும் அடிக்கடி எட்டப்படும்.

மதிப்பீடு

இற்றைப்படுத்தல் முறையின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. குறை தெரிந்த சில நாட்களில் லட்சக்கணக்கான வண்டிகளைச் சரிசெய்ய வேறு வழி இல்லை. பழைய முறையில் கடிதம் கிடைத்தும் பணிமனைக்கு வராத வண்டிகள் ஏராளம். ஆனால் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற எளிமை, முழுமையடையாத அமைப்பை முன்கூட்டியே விற்கவும் வழிவகுத்தது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று எல்லைகள் தெரிகின்றன. முதலாவது உணரிகளின் எல்லை. அதை மென்பொருள் ஓரளவு தள்ளிவைக்கும். இரண்டாவது பொருத்திய வன்பொருளின் எல்லை. அதை மென்பொருளால் தாண்ட முடியாது. மூன்றாவது மனித கவனத்தின் எல்லை; அது எந்தப் பதிப்பிலும் மாறுவதில்லை. ஆதலால் இவ்வகை வண்டியைப் பயன்படுத்துவோர், ஒவ்வொரு இற்றைப்படுத்தலுக்குப் பின்னும் மாற்றக் குறிப்பைப் படிப்பதும், கையேட்டில் 'இயங்காது' என்று சொல்லப்பட்ட சூழல்களைத் தெரிந்துவைத்திருப்பதும், கையை ஸ்டீயரிங்கிலும் கண்ணைச் சாலையிலும் வைத்திருப்பதும் தேவையாகின்றன. இரண்டாம் நிலை வண்டிக்கு எந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்தாலும் அதன் ஓட்டுநர் மனிதரே.